முதலில் கூப்பிடுபவன்

சத்தியம்! ஓரெழுத்துப் பொய் கிடையாது. பொய்யென்றால் இந்த நாக்கு உப்புத் தடவாமலே கருவாடாகக் காயட்டும், நான் ஏறுகிற படகெல்லாம் கட்டின இடத்திலேயே முழுகட்டும். சிரிக்காதீர்கள். கடல்பசு ஒன்று படகோரம் வந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டது என்று போன மாதம் சொன்னேனே, அது சும்மா. தொலைந்துபோன என் செருப்பு சுறா வயிற்றுக்குள் அறுந்த வார் தைக்கப்பட்டுக் கிடந்தது என்றேனே, அதுவும் சும்மா, வார் தைக்கப்பட்டிருக்கவில்லை. இது அப்படி இல்லை. இது நம்புவேலின் தலைக்குள் ஒரு பகலில் நடந்தது. அடுத்தவன் தலைக்குள் நடந்தது உமக்கெப்படித் தெரியும் என்பீர்கள். பொங்கி வழிந்த பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு உள்ளே வெந்தது என்னவென்று தெரியாதா? கேளுங்கள்.

ஈ இன்னாசியின் கீழுதட்டில் உட்கார்ந்தது. இரைக்கு வெட்டி வைத்த கணவாயின் வாடைக்குக் கரையிலிருந்தே படகேறி வந்த ஈ. உதட்டோரமாக நடந்தது, மூக்குக்குக் கீழே நின்றது, முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டது. படகின் முன்முனையில், அணியத்தில் குந்தியிருந்த நம்புவேல் தன் தூண்டிலை மறந்து அதையே பார்த்தான். ஊதுடா, என்றான் மனசுக்குள். ஊதி விரட்டுடா. இன்னாசி ஊதவில்லை. படகின் நடுவில், தார்ப்பாய் நிழலில், ஐஸ் பெட்டியில் தலையைச் சாய்த்துக் கால்களை நம்புவேல் பக்கம் நீட்டிக் கிடந்தான். கண்ணை மூடித் துண்டு, துண்டுக்குக் கீழே நரைத்த மீசை, கொஞ்சமாகத் திறந்த வாய். வலது கால் பெருவிரலில் தூண்டில் நரம்பு ரெண்டு சுற்றுச் சுற்றியிருந்தது, மீன் கடித்தால் விரல் சொல்லும் என்று எப்போதும் அப்படித்தான் தூங்குவான். சரி, ஊதமாட்டான். ஈக்கெல்லாம் அசைகிற ஆளா. தொப்புளில் நண்டை விட்டபோதே அசையாதவன். நண்டு தொப்புளிலிருந்து இறங்கி லுங்கிக்குள் போனபோதுகூட அசையாமல் கிடந்து, பிறகு எழுந்து உட்கார்ந்து, "போடா மாப்ள, அதுக்கு அங்க தின்ன ஒண்ணுமில்லைன்னு அதுவே திரும்பி வந்துருச்சு" என்றவன். ஆட்டம் ஆடுகிறான். பொண ஆட்டம். காலையிலேயே அடித்தளம் போட்டுவிட்டான், எனக்குத் தெரியாதா. படகைத் தள்ளும்போதே நெஞ்சைத் தடவிக்கொண்டு, "கரிக்குதுடா மாப்ள, எடது கை வேற மரத்துப்போன மாதிரி இருக்கு" என்றானே. ராத்திரி என்னத்தைத் தின்றாய் என்று கேட்டதற்குப் பழைய கணவாய்க் குழம்பு என்றான். "உள்ள போயி மை கக்குது போல" என்றான் கூட வந்த மீராசா. மூன்று பேரும் சிரித்தோம். அவனும்தான் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. ஏன் தாமதமாக? ஈ இப்போது மீசைக்குள் போய்விட்டது.

வெயில் கடலை எண்ணெயாக்கி வைத்திருந்தது. காற்று செத்துக் கிடந்தது. சொறிகள் என்கிற ஜெல்லி மீன்கள் வெள்ளை வெள்ளையாய்த் தண்ணீருக்கடியில் மூச்சுவிட்டுக்கொண்டு போயின, விரிந்து, மடங்கி, விரிந்து. நம்புவேல் சட்டென்று அதிலிருந்து கண்ணை எடுத்தான். விரிந்து மடங்குவதைப் பார்க்க வேண்டாம். பெரிய படகுகளுக்கெல்லாம் தடைக்காலம். கரையில் ஏற்றி வைத்துச் சாயம் பூசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் படகுகளில் ஆயுசு முழுக்க உழைத்த இவர்கள் மூவரும் வருசா வருசம் இந்தச் சித்திரை வெயிலில் மீராசாவின் மச்சினனுடைய சின்ன ஃபைபர் படகை இரவல் வாங்கிக்கொண்டு கடலடிப் பாறை மேடான பாருக்கு வந்து நங்கூரம் போடுவார்கள். குழம்புக்கு மீன், வீட்டுக்காரிகளிடமிருந்து ஒரு பகல் விடுதலை. அப்புறம் இந்த ஆட்டம். யாராவது ஒருத்தன் பொணமாய் விழுவான். மற்றவர்களில் முதலில் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுபவன், முதலில் தொடுபவன், தோற்றவன். தோற்றவன் கரையிறங்கியதும் மீன் வாங்க நிற்கிற பொம்பளைகள் முன்னால் நெஞ்சிலடித்து ஒப்பாரி வைக்க வேண்டும், செத்தவன் படகிலிருந்து எழுந்து கும்பிடு போடுகிறவரைக்கும். எந்த ஊரிலாவது உண்டா இப்படி ஒரு கிறுக்கு ஆட்டம்? இங்கே உண்டு, நம்புவேலுக்கு அதன் ஆரம்பம் மறக்கவில்லை. இளந்தாரிகளாய் இருந்தபோது எல்லைப் பக்கம் ஒரு ரோந்துப் படகு விளக்கடித்துத் தேடிக்கொண்டு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு படகுத் தட்டில் குப்புறக் கிடந்தோம். வெளிச்சம் முதுகுமேல் ஊர்ந்து போனது, சூடு இல்லாத வெளிச்சம். அது போன பிறகும் இன்னாசி எழவில்லை. நான் அவன் நெஞ்சில் விழுந்து கத்தினேன், ஐயோ மாப்ள ஐயோ மாப்ள என்று, மூத்திரம் போய்விட்டது எனக்கு. அப்போது ஒற்றைக் கண்ணைத் திறந்து, "ஏற்கெனவே செத்தவனக் கடல் தொடாதுடா" என்றான். அதிலிருந்து ஆட்டம். அதிலிருந்து நான்தான் தோற்கிறேன். ஒருதரம், ஒரே ஒருதரம் மீராசா தோற்றான், அதுவும் இருமல் வந்து வாய் தவறி.

"நம்பு!" பின்னாலிருந்து மீராசா. இஞ்சின் பக்கம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், ஐஸ் பெட்டிக்கு அந்தப் புறம். அங்கிருந்து இன்னாசியின் உச்சி மயிர்கூடத் தெரியாது. "அந்தக் கெழட்டுப் பய தூங்கிட்டானா?" நம்புவேல் ஈயிலிருந்து கண்ணை எடுக்காமல், "தூங்குறான்" என்றான். சொன்னதும் அந்தச் சொல் வாய்க்குள்ளேயே கிடந்து புளித்தது. ஏன் அப்படிச் சொன்னேன். தெரியலை என்று சொல்லியிருக்கலாம். வந்து பாரு என்று சொல்லியிருக்கலாம். வந்து பாரு என்றாலே தோல்விதான், மீராசா விசிலடிப்பான், படகே அதிரும். அதுவும் இது கூட்டுக் களவாணித்தனம். விடியக்காலை டீக்கடைப் பின்பக்கம் ரெண்டு பேரும் என்னமோ குசுகுசுத்தான்கள். நான் வந்ததும் பேச்சை நிறுத்தினான்கள். மீராசா சட்டைப்பைக்குள் என்னமோ தேடினான், இன்னாசி கையை லுங்கியில் துடைத்தான். எனக்கெதிராய்த்தான். போன வருசம் மாதிரி. போன வருசம்! நம்புவேலுக்குக் காது மடல் சுட்டது. போன வருசம் தோற்று, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஏ மகராசா எங்கள விட்டுப் போனியே என்று மார்பிலடித்துக் கொண்டு நிமிர்ந்தால், பொம்பளைக் கூட்டத்துக்கு நடுவில் சம்பந்தியம்மா. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து மீன் வாங்க வந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நிற்கிறாள். நிறுத்தவும் முடியவில்லை, இன்னாசி எழுந்து கும்பிடு போடாமல் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று கிடக்கிறான். அப்புறம் அந்த வீட்டில் ஒப்பாரித் தாத்தா என்றே பேராகிவிட்டது. பேரப்பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் முதலில் வந்தது அது. "ஒனக்கு வெக்கமே இல்லையாப்பா" என்று மகள் கேட்டாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல். இந்த வருசம் தோற்கமாட்டேன் என்று கொடிமரத்து முன்னால் சூடம் அணைத்துச் சொன்னேன். சாமிக்கு முன்னால் சொல்கிற காரியமா அது. சொன்னேன்.

நெஞ்சு ஏறி இறங்குகிறதா? அதைப் பார்த்தால் போதுமே, கூப்பிட வேண்டாம், தொட வேண்டாம், பார்க்கிறதற்குத் தடையில்லையே. நம்புவேல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னாசியின் சட்டையைப் பார்த்தான். மேல் பொத்தான் போடாத நீலச் சட்டை, மாதா படம் தொங்குகிற கறுப்புக் கயிறு. ஏறி இறங்குகிறது. இறங்குகிறது. இல்லை, படகு ஏறி இறங்குகிறது. படகு ஆடும்போது தண்ணீர்க் கேனும் மூச்சுவிடுகிறது, ஐஸ் பெட்டி மூச்சுவிடுகிறது, நங்கூரக் கயிறு மூச்சுவிடுகிறது, எதைப் பார்த்து எதைச் சொல்ல. கடலில் எல்லாம் உயிரோடிருக்கிற மாதிரியே இருக்கும். வேர்வை? என் முதுகில் ஆறாய் ஓடுகிறது, அவன் கழுத்தில் இல்லை. நிழலில் கிடக்கிறான், அதனால். முன்னே வேர்த்ததே. படுக்கும்போது குளித்தவன் மாதிரி வேர்த்துக் கொட்டியதே, துண்டைப் பிழிந்து கண்ணில் போட்டுக்கொண்டானே. அப்புறம் அந்தக் கை. வேண்டாம். இடது கை பலகைமேல் உள்ளங்கை வானத்தைப் பார்க்கக் கிடந்தது. நம்புவேலின் பார்வை அதன் அருகே போய்ப் போய்த் திரும்பியது. நெஞ்சுவலி என்று விழுந்த அண்ணன் சாத்தையாவை ஜில்லா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார், கொஞ்சம் முன்னால கொண்டாந்திருந்தா. கொஞ்சம் என்றால் எவ்வளவு சார்? ஒரு பீடி குடிக்கிற நேரமா, ஒரு கடல்மைல் தூரமா? அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்சம். இங்கேயிருந்து இஞ்சினை முடுக்கினால் கரை கொஞ்சம்தான். கரையிலிருந்து ரோட்டுக்குக் கொஞ்சம். ரோட்டில் ஆட்டோ கிடைக்கக் கொஞ்சம். இப்போது கூப்பிட்டால். இன்னாசி என்று ஒரு சொல். தொண்டை வரைக்கும் வருகிறது, சம்பந்தியம்மாவின் தோள் குலுங்குகிறது, திரும்பிப் போகிறது. சிரிக்கத்தான் போகிறான் கழுதை, ஒற்றைக் கண்ணைத் திறக்கத்தான் போகிறான். இன்னும் கொஞ்சம் பார்ப்போம், அவனுக்கே முதுகு வலிக்கும், மூத்திரம் முட்டும், வயசாகிவிட்டது அவனுக்கும். ஈ மீசைக்குள்ளிருந்து வெளியே வந்தது. திறந்திருந்த வாயின் ஓரத்தில் நின்றது. உள்ளே போனது.

மீராசா பேசிக்கொண்டேயிருந்தான், மருமகனைப் பற்றி, இந்த வருசம் படகுக்குப் பச்சை பூசலாமா ஊதா பூசலாமா என்பதைப் பற்றி. "பச்சை பூசுனா தண்ணிக்கும் படகுக்கும் வித்தியாசம் தெரியாதுடா, நம்மளயே நாம தேடணும்" என்று சொல்லி அவனே சிரித்தான். ஈ வெளியே வரவில்லை. நம்புவேல் தன் தூண்டில் நரம்பைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். அந்தக் கை, சரி, பார்த்துவிடுவோம், அதைத்தானே சுற்றிச் சுற்றி வருகிறேன். துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்த கொஞ்ச நேரத்தில் இடது கை விரிந்தது. விரல்கள் அகலமாய், எதையோ வாங்கப் போகிறவன் மாதிரி. அப்புறம் மடங்கியது. மறுபடி விரிந்தது, என் பக்கமாய் நகர்ந்தது, பலகையை நகத்தால் பிறாண்டியது, மடங்கியது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, வாடா வாடா தோற்க வாடா என்று கூப்பிடுகிறான் திருட்டுப்பயல், கைஜாடை வேறு என்று நினைத்தேன். நினைத்து முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன். வேண்டுமென்றே மெல்லமாய்த் திருப்பினேன், அவனுக்குத் தெரியட்டும் என்று. அவன் கண்ணில் துண்டு. யாருக்குத் தெரிய. பிறாண்டின சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. கைஜாடைதான். கைஜாடையாகத்தான் இருக்க வேண்டும். கைஜாடைக்கு நகத்தால் பிறாண்டுவானா? ஆடுகிறவன் தத்ரூபமாய் ஆடுவான், அவன் ஆட்டமே தத்ரூபம்தானே, அதற்குத்தானே தோற்கிறோம்.

அப்போதுதான் தூண்டில் நரம்பு விறைத்தது. நம்புவேல் முதலில் தன் கையைப் பார்த்தான், தன்னுடையது தொய்ந்து கிடந்தது. இன்னாசியின் பெருவிரல் எழுந்து நின்றது. தண்ணீருக்கடியில் என்னமோ பெரிய மீன் இரையை விழுங்கிக்கொண்டு பாருக்கு அடியில் ஓடியது. விரல் வளைந்தது, குதிகால் பலகையில் உரசிக்கொண்டு நகர்ந்தது, கால் முழுவதும் நீண்டு படகின் விளிம்புக்குப் போய் முட்டி நின்றது. நம்புவேலுக்கு உயிர் வந்தது. அசைந்துவிட்டான்! எழுந்துவிடுவான், இவ்வளவு பெரிய மீனை விட்டுக்கொடுக்கிற ஆளா, மீனுக்காக ஆட்டத்தைக் கலைப்பான், நான் ஜெயித்தேன்! சிரிப்புக்கூட வந்தது, வாயோரம் கொஞ்சம். மீன் மறுபடி இழுத்தது. நரம்பு சதைக்குள் இறங்கியது. வெள்ளையாய் ஒரு கோடு, கோடு பள்ளமாகி, பள்ளம் வாய் திறந்தது. என்ன பொறுமையடா உனக்கு, வலிக்கவில்லையா, இது ஆட்டமில்லைடா, விரல் போய்விடும்டா. நம்புவேல் குனிந்து பார்த்தான். வெட்டு ஆழமாய், சுத்தமாய் இருந்தது. ரத்தம் இல்லை. ஆயுசு முழுக்க மீன் அறுத்தவன். துடிக்கிற மீனை அறுத்தால் கத்தி வழுக்க வழுக்க ரத்தம் பாயும், நேற்றே செத்து ஐஸில் கிடந்ததை அறுத்தால் இப்படித்தான், வெளிர்ச்சிவப்பாய், ஈரமாய், ஒன்றும் வராமல். பார்த்துக்கொண்டேயிருந்தான். வரும், வரும் என்று பார்த்தான். ஒரு சொட்டு வந்தால் போதும், ஒப்பாரி வைக்கிறேன், சம்பந்தியம்மாவை நானே போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன், ஊரையே கூட்டி வைத்து அழுகிறேன். வரவில்லை.

"இன்னாசி!"

"கூப்பிட்டுட்டான்!" மீராசா தொடையில் தட்டிக்கொண்டு துள்ளினான். "கூப்பிட்டுட்டான், கூப்பிட்டுட்டான்! தோத்தியாடா ஒப்பாரித் தாத்தா! தொண்டையச் செருமிக்கடா, எந்திரிடா இன்னாசி, ஜெயிச்சிட்ட!" நம்புவேல் இரைக்கத்தியால் நரம்பை அறுத்தான். விறைத்திருந்த கால் பலகையில் பொத்தென்று விழுந்தது. அந்தச் சத்தத்தில் மீராசாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஐஸ் பெட்டியைத் தாண்டி வந்தான், துண்டை எடுத்தான், திருப்பி வைத்தான். இஞ்சின் கயிற்றை இழுத்தான். பிடிக்கவில்லை. இழுத்தான். "காலைல எங்கிட்ட வாயு மாத்திரை கேட்டாண்டா" என்றான், கயிற்றைப் பார்த்துச் சொன்னான். "மாத்திரை வரைக்கும் போனத ஒங்கிட்டச் சொல்லாதேன்னான். சொன்னா நீ பயந்துபோயிக் கடலுக்கே வேணாம்னுருவியாம். வருசத்துல ஒரு நாளு, அதையும் கெடுத்துருவான்னு." இஞ்சின் பிடித்தது. அதன் இரைச்சலுக்கு மேல் கத்தினான்: "எப்பருந்துடா இப்பிடிக் கெடக்கான்?" நம்புவேல் ஆறிப்போன அந்த இடது கையைத் தன் ரெண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நகத்துக்குள் பலகையின் நீலச் சாயம் துகள் துகளாய் இருந்தது. ஒவ்வொரு நகமாய்த் தன் நகத்தால் சுரண்டி எடுத்தான். "இப்பத்தான்" என்றான். "மீனு இழுக்கும்போதுதான்."

கரையில் வழக்கம்போலக் கூடைகளோடு நின்றார்கள். நம்புவேல் தண்ணீரில் இறங்கினான். வாயைத் திறந்தான். என்னமோ சொல்ல வேண்டும், தள்ளுங்கள் ஆட்டோ கூப்பிடுங்கள் என்று சொல்ல வேண்டும், வந்தது அது இல்லை. கைகள் தாமாக மார்பில் விழுந்தன. ஏ மகராசா. எங்கள விட்டுப் போனியே. கரை சிரிப்பில் வெடித்தது. "இந்த வருசமும் நீங்கதானாண்ணே!" என்று இன்னாசியின் பெண்சாதி அருளாயி சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகிக்கொண்டு வந்தாள். "போன வருசம் இன்னும் நல்லா அழுதீங்க, இது என்ன, தொண்டை கட்டிப்போச்சா?" யாரோ விசிலடித்தார்கள். அவன் இன்னும் ஓங்கி அடித்துக்கொண்டான், அடிக்க அடிக்கச் சிரித்தார்கள், நிறுத்து என்று சொல்ல அவனுக்கு வழி தெரியவில்லை, அழுகைக்குள்ளிருந்து எப்படிச் சொல்வது இது அழுகை என்று. அருளாயி படகைப் பிடித்துக்கொண்டு, ஒரு கை கடல்தண்ணியை அள்ளி உள்ளே எறிந்தாள். "எந்திரிய்யா, போதும் ஒன் கூத்து. சோறு ஆறுது." தண்ணீர் நீலச் சட்டையில் விழுந்து அப்படியே நின்றது. பக்கத்தில் நின்றவர்களின் சிரிப்பு முதலில் அடங்கியது, அப்புறம் அடுத்த வரிசை, தூரத்தில் நின்றவர்கள் கடைசிவரை சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கத்தவில்லை. காலைத்தான் பிடித்தாள். வெட்டுப்பட்ட விரலைத் திருப்பிப் பார்த்தாள். "இது என்னண்ணே?" நம்புவேல் சொன்னான், முதன்முதலாகத் தடுமாறாமல் சொன்னான்: "மீனு ஆத்தா. பெரிய மீனு. இழுத்துக்கிட்டே போச்சு. நான் நரம்ப அறுக்குறேண்டாங்கிறேன், இவன் விடமாட்டேங்குறான். சிரிச்சுக்கிட்டே இழுத்தான். அந்தச் சிரிப்புலயே போயிட்டான்." அவள் அந்த விரலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

யாரும் பார்க்காத மீன் எவ்வளவு பெரிதாகவும் வளரும். இப்போது அது படகை விட நீளம். வால் அடித்ததில் மீராசாவின் பல் போனது என்பதுவரை வந்திருக்கிறது, வால் சங்கதி என் கைங்கரியம், பல்லு முன்னாலேயே இல்லை. அருளாயி உங்களிடமும் சொல்வாள், கையை விரித்துக் காட்டி, இத்தாம் பெரிசு என்பாள். ஆமாம் ஆத்தா, ஊரே சொல்லுது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரை வந்தால் அந்தப் படகு இப்போது மணலிலேயே கிடக்கிறது. நம்புவேல் அதன் ஓரமாய் நடக்கமாட்டான். யாரிடமும் பேச்சில்லை அவனுக்கு, ஒருத்தனைத் தவிர. அந்த ஒருத்தனிடமும், சொல்லி முடித்த பிறகு மறுபடி முதலிலிருந்து, ஈயிலிருந்து, ஆரம்பிக்கிறான். அதனால் உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெளியே சொல்லாமலிருக்க உங்களால் ஆகாது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சொல்லுங்கள். ஈயைச் சொல்லுங்கள், விரலைச் சொல்லுங்கள், கரை சிரித்ததைச் சொல்லுங்கள். அந்தக் கை விரிந்து மடங்கியதை மட்டும் அருளாயி காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் யார் சொன்னது, யார் சொன்னது என்று துருவுவார்கள். கருவாடு காயப்போட வந்த எவனோ என்று சொல்லிவிடுங்கள். என் பேர் வேண்டாம். அவன் சொன்னது என் ஒருத்தனிடம்தான்; என்னையும் இழந்துவிட்டால் அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?